தாயக்கட்டையும் கடற்கொள்ளையரும்



ஆண்டு மலர் என்றால் நட்பைப் பற்றி ஒரு கவிதை, அம்மாவைப் பற்றி ஒரு கவிதை, வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி ஒரு கட்டுரை என்று வருவது வழக்கம். இந்த வருஷம் நான் ஒரு விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பன், "கிரிக்கெட்டா, கபடியா?" என்றான். "ரெண்டும் இல்ல. கடற்கொள்ளைக்காரன் ஆட்டம்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். "மதுரையில ஏதுடா கடலு? வைகையிலயே தண்ணி இல்ல!"

அவன் சிரித்தது நியாயம்தான். ஆனால் கட்டுரை முடிவதற்குள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி விடுகிறேன்.

போன செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகாமல் ஹாஸ்டலில் தங்கியவர்கள் நாங்கள் ஐந்து பேர். சீனியர் அண்ணன் ஒருவர் தன் போனில் ஒரு விதிப்புத்தகத்தைக் காட்டினார். 'பைரேட் போர்க்' என்று பெயர். 2020-ல் சுவீடனிலிருந்து வந்த 'மோர்க் போர்க்' என்ற ஆட்டத்தின் வழியில் வந்தது. அந்தப் பெயருக்கு அவர்கள் மொழியில் 'இருண்ட கோட்டை' என்று பொருளாம். பெயரே சொல்லி விடுகிறது, இது குழந்தைகள் ஆட்டம் இல்லை என்று.

போர்டு கிடையாது. காய் நகர்த்த வேண்டியதில்லை. ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "கப்பல் பாறையில மோதப் போகுது, நீ என்ன பண்ணுற?" என்று கதைசொல்லி கேட்பார். "பாய்மரக் கயித்த அறுக்குறேன்" என்று நாம் சொல்வோம். அறுக்க முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இருபது முகம் கொண்ட பகடையை உருட்டி, நம் பாத்திரத்தின் பலத்துக்கு ஏற்பக் கூட்டிக் கழித்து, 12 அல்லது அதற்கு மேல் வந்தால் ஜெயம். பலமும் இல்லை பலவீனமும் இல்லை என்றால் இருபதில் ஒன்பது வாய்ப்பு. அதாவது 45 சதவீதம். பாதிக்கும் குறைவு! நம்ம கணக்குப் பேப்பர் மாதிரி, தோற்கிற வாய்ப்புதான் எப்போதும் கொஞ்சம் தூக்கல்.

தோற்றால் என்ன ஆகும்? சினிமாவில் போல ஹீரோ தப்பிக்க மாட்டான். மோர்க் போர்க் விதிப்படி உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு வந்தால் நான்குமுகப் பகடை ஒன்றை உருட்ட வேண்டும். மயங்கி விழலாம், கையோ காலோ கண்ணோ போகலாம், ரத்தம் கொட்டிச் சற்று நேரத்தில் சாகலாம், அப்போதே சாகலாம். என்னுடைய பாத்திரம் கப்பல் சமையல்காரன். முதல் நாள் ராத்திரியே ஒரு கையை இழந்தான்.

இந்த வகை ஆட்டங்களுக்கு மூலம் 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் இருவரும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. நம் ஊருக்கு இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது.

எங்கள் ஆட்டத்துக்கு இரண்டு எதிர்ப்புகள் வந்தன. இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதல் எதிர்ப்பு வீட்டிலிருந்து. "பகடையை உருட்டினா குடும்பம் உருப்படாது" என்றார் அப்பத்தா. நாட்டை வைத்துச் சூதாடிய பாண்டவர் கதையைக் கேட்டு வளர்ந்தவர் வேறென்ன சொல்வார்? ஆனால் பகடை வேறு, பந்தயம் வேறு. மதுரைக்குத் தென்கிழக்கே ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருக்கும் கீழடியில் தந்தத்தில் செய்த பகடை கிடைத்திருக்கிறது. சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். நம் முன்னோர் நெய்தார்கள், பானை வனைந்தார்கள், பானையில் பேரை எழுதினார்கள், சாயங்காலம் ஆடவும் ஆடினார்கள்!

கெடுப்பது பகடை அல்ல, பணம். என்னோடு படித்த ஒருவன் பரீட்சைக்குக் கட்ட வைத்திருந்த பணத்தைப் போனில் ரம்மி ஆடி விட்டான். இத்தனைக்கும் அவன் கையில் பகடையும் இல்லை, சீட்டும் இல்லை. தனியாக, போர்வைக்குள் படுத்துக்கொண்டு, முகம் தெரியாத ஆட்களிடம் தோற்றான். அப்படிப்பட்ட ஆட்டங்களுக்கு எதிராகத்தான் தமிழ்நாட்டில் 2022-ல் சட்டம் போட்டார்கள், 2025-ல் மத்திய அரசும் போட்டது. எங்கள் ஆட்டத்தில் பத்துப் பைசா பந்தயம் இல்லை. ஜெயித்தவன் என்று ஒருவனும் இல்லை. ஐந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நாலு மணி நேரம் பேசினோம். அந்த நாலு மணி நேரமும் எவனும் போனை நோண்டவில்லை. இதைச் சூது என்றால் மெஸ்ஸில் உட்கார்ந்து பேசுவதும் சூதுதான்.

இரண்டாவது எதிர்ப்பு கொஞ்சம் கனமானது. "ஆடுறதுதான் ஆடுறீங்க, நல்லதா ஆடக்கூடாதா? கொலை, கொள்ளை, பிணம், ரத்தம்... இதெல்லாம் படிக்கிற பிள்ளைங்க மனச கெடுக்காதா?" பெரியவர் ஒருவர் கேட்டார். மரியாதையான கேள்வி. இதே கேள்வியை 1980-களில் அமெரிக்காவிலும் கேட்டார்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் பிள்ளைகள் பேயைக் கும்பிடுகிறார்கள், தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்று பெரிய பிரசாரமே நடந்தது. ஆராய்ந்து பார்த்ததில் அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை.

என் கட்சி இதுதான். கடற்கொள்ளையைப் பற்றி இருட்டாகச் சொல்வது மனதைக் கெடுக்காது. இனிப்பாகச் சொல்வதுதான் கெடுக்கும்! ஒற்றைக் கண்ணில் கறுப்புத்துணி, தோளில் கிளி, கையில் புதையல் வரைபடம்... இந்த வேஷத்தைத்தானே சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியிருக்கிறோம்? நடந்தது என்ன? 1695-ல் ஹென்றி எவ்ரி என்ற இங்கிலீஷ்காரக் கொள்ளையன், ஹஜ் யாத்திரை முடித்துச் சூரத்துக்குத் திரும்பிய 'கஞ்ச்-இ-சவாய்' என்ற மொகலாயக் கப்பலைப் பிடித்தான். நாட்கணக்கில் பயணிகளைச் சித்திரவதை செய்தார்கள். பெண்களைச் சீரழித்தார்கள். மானத்துக்குப் பயந்து கடலில் குதித்த பெண்கள் உண்டு. அவன் ஆட்களில் சிலரை 1696-ல் லண்டனில் தூக்கில் போட்டார்கள். எவ்ரி அகப்படவே இல்லை. அவனைப் பற்றிப் பிறகு வீரக்கதைகளும் நாடகமும் வந்தன. கடலில் குதித்த பெண்களின் பெயர் எந்தக் கதையிலும் இல்லை.

இன்னொன்று கேளுங்கள். கரீபியன் கொள்ளையரோடு இருந்த வைத்தியர் எக்ஸ்குமெலின் 1678-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு புத்தகம் போட்டார். அதில் ஒரு நஷ்டஈட்டுப் பட்டியல் வருகிறது. சண்டையில் வலது கை போனால் 600 வெள்ளிக்காசு, இடது கைக்கு 500, வலது காலுக்கு 500, இடது காலுக்கு 400, ஒரு கண்ணுக்கு 100, ஒரு விரலுக்கும் 100.

இதைப் படித்தபோது எனக்கு எங்கேயோ பார்த்த ஞாபகம் வந்தது. நம் நாட்டில் 1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் இப்படி ஒரு அட்டவணை உண்டு. இரண்டு கையும் போனால் சம்பாதிக்கும் திறனில் 100 சதவீத இழப்பு, ஒரு கண் போனால் 40, கட்டைவிரல் போனால் 30 என்று போட்டிருந்தார்கள். லேத்திலும் பிரஸ்ஸிலும் நிற்கப் போகிற நமக்கு இது கதை இல்லை, நண்பர்களே. வொர்க்‌ஷாப்பில் "சட்டைக் கையை மடிச்சு விடு, சக் கீயைக் கழட்டு" என்று இன்ஸ்ட்ரக்டர் கத்தும்போது நாம் சிரிக்கிறோம். ஆட்டத்தில் என் சமையல்காரனுக்குக் கை போன மறுவாரம் நான் லேத் முன்னால் நின்றபோது சட்டைக் கையைத் தானாகவே மடித்தேன். உடம்பு என்பது திரும்பி முளைக்காத சாமான் என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு இருட்டு ஆட்டம்.

எக்ஸ்குமெலின் பட்டியலில் ஒரு வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். காசாக வேண்டாம் என்றால் வேறு விதமாகவும் வாங்கிக்கொள்ளலாமாம். வலது கைக்கு ஆறு அடிமைகள். ஒரு கண்ணுக்கு ஒரு அடிமை.

மூன்றாம் நாள் ஆட்டத்தில் அந்த வரி எங்கள் முன்னால் வந்து நின்றது. ஒரு கப்பலைப் பிடித்தோம். கீழ்த்தளத்தில் தங்கம் இருக்கும் என்று இறங்கினால் சங்கிலியில் கட்டிய நாற்பது பேர். "என்ன பண்ணப் போறீங்க?" என்றார் கதைசொல்லி அண்ணன். எங்கள் மாலுமி கொஞ்சமும் யோசிக்காமல், "வித்துருவோம் மாப்ள. ஆளுக்கு நூறு காசு, நாலாயிரம்! புதுக் கப்பலே வாங்கலாம்" என்றான். இரண்டு பேர் தலையாட்டினோம். அதில் நானும் ஒருவன். ஒளிக்க விரும்பவில்லை.

ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்து படிக்கிற நண்பன் ஒருவன் மட்டும் பகடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்: "அவய்ங்க எந்த ஊரு ஆளுங்கண்ணே?"

அண்ணனுக்குப் பதில் தெரியவில்லை. புத்தகத்திலும் இல்லை. ஆட்டம் அத்தோடு அன்றைக்கு நின்றுவிட்டது.

பதிலை நான் பிறகு தேடிப் படித்தேன். 1658-ல் நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் டச்சுக்காரர் கைக்குப் போயின. அடுத்த வருஷமே தஞ்சைச் சீமையில் படையெடுப்பும் பஞ்சமும். 1659 முதல் 1661 வரை அந்தப் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான ஆட்களை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றினார்கள். பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. இதைச் செய்தவர்கள் கொள்ளையர்கள் இல்லை. கணக்குப்பிள்ளை, ரசீது, முத்திரை எல்லாம் வைத்திருந்த வியாபாரக் கம்பெனி! ஆக, கீழ்த்தளத்தில் கிடந்தவர்கள் நம் ஊர் ஆட்களாக இருந்திருக்கலாம். வித்துருவோம் என்று நான் தலையாட்டியது அவர்களை.

அப்படியென்றால் கொள்ளைக்காரன் யார்? இதுதான் நான் கேட்க வந்த கேள்வி.

மலபார்க் கரையில் குஞ்ஞாலி மரக்காயர்கள் இருந்தார்கள். கோழிக்கோடு சாமூதிரியின் கடற்படைத் தலைவர்கள். கடலில் போகிற கப்பலெல்லாம் தங்களிடம் சீட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பறிமுதல் என்று போர்ச்சுகீசியர் சட்டம் போட்டபோது எதிர்த்து அடித்தவர்கள். போர்ச்சுகீசியர் ஏட்டில் அவர்கள் கொள்ளையர். நாலாவது குஞ்ஞாலியைச் சாமூதிரியே பிடித்துக் கொடுக்க, 1600-ல் கோவாவில் தலையை வெட்டினார்கள். இன்றைக்கு மும்பையில் இந்தியக் கடற்படையின் தளம் ஒன்றுக்கு 'ஐ.என்.எஸ். குஞ்ஞாலி' என்று பெயர். ஆள் ஒருவர்தான். ஏடுதான் வேறு.

"மதுரையில ஏதுடா கடலு?" என்று சிரித்த நண்பனுக்கு இங்கே பதில் சொல்கிறேன். வைகை கடலைச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம். பாண்டியர் காலத்துத் துறைமுகம். அங்கே தோண்டியபோது ரோமானியக் காசும், கப்பல் படம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. நம் மீனாட்சி பட்டணத்தை ஆண்டவர்களின் செல்வத்தில் பெரும்பங்கு முத்து. அது கொற்கையிலிருந்தும் அதற்குப் பிறகு வந்த துறைகளிலிருந்தும் வந்தது. அந்த முத்துக்காகத்தான் அடிதடி. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பாதுகாப்புத் தேடிப் போர்ச்சுகீசியர் பக்கம் சேர்ந்து கிறிஸ்தவரானார்கள். 1538-ல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் மரக்காயர் கப்பற்படையைப் போர்ச்சுகீசியர் முறியடித்தார்கள். ராமேஸ்வரம் ரயிலில் போகும்போது முறுக்கு தின்றுகொண்டே அந்தப் பக்கத்தைக் கடந்து போகிறோமே, அதுதான் இடம். கரீபியன் எதற்கு நமக்கு?

பழைய கதையாகவே இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கொஞ்ச வருஷங்களாகப் பேப்பரைப் புரட்டுங்கள். "வேதாரண்யம் அருகே நடுக்கடலில் மீனவர்கள் மீது கடற்கொள்ளையர் தாக்குதல், வலை, ஜி.பி.எஸ். கருவி பறிப்பு" என்று எத்தனை முறை வந்துவிட்டது! நமக்கு வேஷமாகத் தெரிகிற வார்த்தை அங்கே காலையில் அடிபட்டுக் கரைக்கு வருகிற ஆளின் ரத்தம். அக்கரையில் போய்க் கேட்டால்? யாழ்ப்பாணத்து மீனவன், அவனும் தமிழன்தான், "உங்கட இழுவைப் படகு வந்து எங்கட வலையை அறுத்துக் கடலை வழிச்சுக்கொண்டு போகுது" என்கிறான். இழுவை மடியை 2017-ல் இலங்கை தடை செய்தது. அவன் பார்வையில் கொள்ளைக்காரன் யார்?

ராமநாதபுரத்து நண்பன் பிறகு ஒரு நாள் சொன்னான்: "எங்க சித்தப்பாவ ஒருவாட்டி கடல்ல பிடிச்சப்போ, களவாண்டவன்னுதான் எழுதிக்கிட்டாய்ங்க. அவரு மீன்தான்டா பிடிச்சாரு." அவன் ஏன் அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டான் என்று அப்போதுதான் விளங்கியது. எங்களுக்கு அது ஆட்டம். அவனுக்கு அந்தக் கீழ்த்தளத்தில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

அதனால் இந்த ஆட்டத்தின் மேல் எனக்கிருக்கும் குறை, அது இருட்டாக இருக்கிறது என்பதல்ல. அதன் இருட்டில் பாதி செத்தும் நடமாடும் பிணங்களுக்கே போய்விடுகிறது என்பதுதான். பேய் வேண்டாம் நண்பர்களே. நம் கடலில் மனிதர்கள் செய்ததே போதும். ஆகவே நாமே ஒரு ஆட்டம் கட்டுவோம் என்கிறேன். களம்: 1538, முத்துக்குளித்துறை. பாத்திரங்கள்: மூச்சடக்கி இறங்கும் குளியாள், மேலே கயிறு பிடிப்பவன், தோணிக்காரன், மரக்காயர் வீட்டு மாலுமி, சுறா வாயைக் கட்டுகிறேன் என்று மந்திரம் போட்டுப் பங்கு வாங்கும் கடல்கட்டி, போர்ச்சுகீசியரின் துபாஷ். குளியாளின் உயிர் கயிறு பிடிப்பவன் கையில். அவனுக்கு யாராவது காசு கொடுத்திருந்தால்? இதைவிட இருட்டு எந்த ஆட்டத்தில் இருக்கிறது!

இருபதுமுகப் பகடைக்கு எங்கே போவது என்கிறீர்களா? வேண்டியதில்லை. வீட்டுப் பரணில் கிடக்கும் பித்தளைத் தாயக்கட்டை போதும். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என்று நாலு பக்கம். மொத்தம் 16 விதமாக விழலாம். தாயம் விழ இரண்டு வழி. அதாவது எட்டில் ஒன்று. இரண்டுக்கு மூன்று வழி, மூன்றுக்கு நாலு, நாலுக்கு மூன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு ஒன்று. இப்போது "நாலும் அதற்கு மேலும் விழுந்தால் ஜெயம்" என்று வையுங்கள். 3 + 2 + 1 + 1 = 7. பதினாறில் ஏழு, 43.75 சதவீதம். அந்த வெளிநாட்டுப் பகடையில் 45. ஏறக்குறைய ஒன்றுதானே! கட்டை நேர்மையானதா என்று சந்தேகமிருந்தால் 160 தடவை உருட்டி எழுதுங்கள். தாயம் சுமார் 20 தடவை விழ வேண்டும். பத்துகூடத் தாண்டவில்லை என்றால் கட்டையை வெர்னியரில் அளந்து பாருங்கள், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மாணவர் சங்கத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கேரம் போர்டுக்கும் செஸ் போர்டுக்கும் பக்கத்தில், வாரத்துக்கு ஒரு சாயங்காலம், ஒரு மேஜையும் ஆறு நாற்காலியும் கொடுங்கள். மூன்றே விதிகள் போதும். ஒன்று, காசு வைக்கக் கூடாது. இரண்டு, யாருக்காவது மனசு தாங்கவில்லை என்றால் "நிறுத்து" என்று சொல்லலாம். ஏன் என்று கேட்காமல் நிறுத்த வேண்டும். எங்களுக்கு அந்த ராத்திரி இந்த விதி இல்லை, இருந்திருக்க வேண்டும். மூன்று, இந்த வாரம் கப்பலின் மேல்தளத்தில் நின்றவன் அடுத்த வாரம் கீழ்த்தளத்தில் உட்கார வேண்டும்.

மூன்றாவது விதிதான் முக்கியம். படித்து முடித்து நாம் போகப்போகும் இடங்களிலும் மேல்தளம் கீழ்த்தளம் உண்டு. நம்மில் சிலர் சூப்பர்வைசர் ஆவோம். நம் கையிலும் ஒரு ஏடு இருக்கும். அதில் ஒருவன் பேருக்கு எதிரே 'திருடன்', 'சோம்பேறி', 'பிரச்சினை பண்ணுகிறவன்' என்று எழுதும் அதிகாரமும் இருக்கும். எழுதுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம், "இவன் எந்த ஊரு ஆளு?" என்று நாமும் கேட்போமா?

எங்கள் ஆட்டம் பாதியில் நின்றது என்றேனே, மறுநாள் தொடர்ந்தோம். சங்கிலியை அறுக்க என் சமையல்காரன் முதல் ஆளாகப் போனான். ஒற்றைக் கையால் உருட்டினேன். விழுந்தது ஏழு. தோல்விதான். ஆனாலும் மறுபடி உருட்டக் கதைசொல்லி அண்ணன் விட்டார்.

வாருங்கள், உருட்டிப் பார்ப்போம்!

— மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்